ராகு காலத்துக்கு முன் இறக்கிய ஆயில்

பள்ளிக்கூடம் திறக்க ஐந்தே நாள் இருக்கும்போது அறுநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் பழைய வண்டி வாங்குகிறவர்களை என்னவென்று சொல்வது? பைத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும். நானும் என் வீட்டுக்காரரும் அந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்தோம். நடந்தது தொண்ணூறாம் வருஷத்தை ஒட்டி. இன்றைக்கு நினைத்தாலும் இடுப்பு வலிக்கிறது.

ஆலங்குளத்தில் நான் ஒரு சின்ன நர்சரிப் பள்ளிக்கூடம் நடத்தி வந்தேன். அந்த வருஷம் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து முப்பத்தெட்டுப் பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். "ஜூன் மாசத்திலிருந்து வேன் வரும்" என்று பெற்றவர்களிடம் நான் வாய் கூசாமல் சொல்லியிருந்தேன். வேன் வரவில்லை என்றால் அத்தனை பேரும் அடுத்த தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். அதுகூடப் பெரிதில்லை. இவர் வேலை பார்த்த மில்லை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவர் இரண்டு வருஷமாக வாசலைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யார் கூப்பிட்டாலும் "என்ன?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். லைசென்ஸ் இருந்தது, அந்த வேனை அவரே ஓட்டுவதாக ஏற்பாடு. வண்டி நல்லபடியாக வந்து சேர்ந்தால் மனுஷன் எழுந்து நிற்பார், இல்லாவிட்டால் அந்த நாற்காலியிலேயே மிச்சக் காலத்தையும் ஓட்டிவிடுவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை காலை எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்குப் போய், மின்சார ரயிலில் ஆவடிக்குப் போனோம். ஏறும்போது ஒரு கூட்டம் எங்களை உள்ளே தள்ளியது, இறங்கும்போது இன்னொரு கூட்டம் வெளியே தள்ளியது. நாங்களாக ஒன்றும் செய்யவில்லை. ஊரில் அந்த நேரம் குற்றாலச் சாரல் எங்கள் வாசல் வரைக்கும் வந்துவிடும். ஆவடியில் காலை எட்டு மணிக்கே வெயில் பல்லைக் காட்டியது.

இவருடைய அக்கா வீடு அங்கே இருந்தது. அக்கா எனக்கு மதினி. அவள் புருஷனை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். ஒரு வீட்டில் மதுரைப் பேச்சு, அடுத்த வீட்டில் கோயம்புத்தூர்ப் பேச்சு, எதிர் வீட்டில் நாகர்கோவில். மெட்ராஸ்காரர் எங்கே என்று கேட்டேன். "அவிய எல்லாம் கேட்டுக்கு வெளியே இருக்காவ" என்றாள் மதினி.

மெட்ராஸ் பலகாரம் காட்ட வேண்டும் என்று அண்ணன் கடையிலிருந்து இட்லிக்கு வடகறி வாங்கி வந்திருந்தார். நேற்று விற்காத வடையை உதிர்த்துக் குழம்பில் போட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. அப்படி நினைத்துக்கொண்டே இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை வெள்ளானூருக்குப் போனோம். பாதி ஊர் வயல், பாதி ஊர் மனை. நெல் அறுத்த தாளுக்கு நடுவில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை நட்டு வைத்திருந்தார்கள். வண்டியை விற்றவர் பெயர் கோதண்டம். அவருடைய அப்பா அந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவராம். கோதண்டம் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்குகிறவர். புது வண்டி எடுத்துவிட்டதால் பழையதை விற்கிறார். வெளிறிய நீல நிறத்தில் ஒரு டீசல் வேன். கதவைச் சாத்தினால் மூன்று இடத்தில் சத்தம் வந்தது.

"என்ஜினு கல்லு மாதிரி கீதும்மா. ரெண்டாவது கியரு மட்டும் கொஞ்சம் முணுமுணுக்கும். ஆயிலு மாத்தணும். இந்த வண்டிக்கு ஆயிலு இன்னான்னா…" என்று கோதண்டம் ஆரம்பித்தார்.

அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தினார். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். நான் இருவது வருஷமா கனரக வண்டிகளோட இருக்கேன்."

கோதண்டம் இன்னும் இரண்டு தடவை வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் அண்ணன் விடவில்லை. பிறகு அவர் சாவியைக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

வெள்ளானூரிலிருந்து ஆவடி வரும் வரை ரெண்டாவது கியர் ஒவ்வொரு தடவையும் தகரத்தைத் தரையில் இழுத்தது போலக் கத்தியது. கிளட்சை மிதித்து இவர் கியர் கம்பியைத் தள்ளும்போதெல்லாம் எனக்குப் பல் கூசியது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த இவர் முகத்தில் இரண்டு வருஷமாக நான் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. "வண்டி பரவாயில்ல, என்னா?" என்று அவராகவே என்னிடம் கேட்டார்.

அன்று சாயங்காலம் முழுக்க ஆயில் பேச்சுதான். கியர் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசாமல் ஓட எண்ணெய் வேண்டும், அது பழசாகிவிட்டது என்பது வரைக்கும் எனக்குப் புரிந்தது. எந்த எண்ணெய் என்பதில்தான் தகராறு. அண்ணன் நூற்றி நாற்பது நம்பர் என்றார். அது களி மாதிரி இருக்குமாம், கெட்டியாக இருந்தால் பல்லைக் காப்பாற்றுமாம். இவர் தொண்ணூறு போதும் என்றார். மில் லாரிக்குத் தொண்ணூறு வாங்கின பில்லைத் தன் கையாலேயே எழுதினாராம். சட்னி அரைக்கப் போன இடத்தில் நின்றுகொண்டு மதினி சொன்னாள்: "வித்தவருகிட்ட ஒரு வார்த்த கேக்கலாம்லா?" இரண்டு ஆண்களும் அதைக் காதில் வாங்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை. அண்ணனுக்கு ஷிப்டு. சென்னீர்குப்பத்தில் பெங்களூர் ஹைவே ஓரம் ஏழுமலை என்ற மெக்கானிக் இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு வேப்ப மரம், அதன் கீழ் தகரக் கொட்டகை, மண்ணெல்லாம் எண்ணெய் குடித்துக் கறுத்துக் கிடந்தது. ஏழுமலைக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு லாரியின் கீழிருந்து காலும் குரலும் மட்டும் வந்தன. "குந்துங்கக்கா, தோ வந்துட்டேன்."

திருமழிசைத் தொழிற்பேட்டையில் அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் ஆயில் டிப்போ வைத்திருந்தார், கலப்படம் இருக்காது. என்னை வண்டிக்குக் காவலாக உட்கார வைத்துவிட்டு இவர் அங்கே பஸ் ஏறிப் போனார். நான் ஒரு டயர் மேல் உட்கார்ந்தேன். ஹைவேயில் போகிற ஒவ்வொரு லாரியும் ஒரு கைப்பிடி மண்ணை என் மேல் போட்டுவிட்டுப் போனது.

ஏழுமலை வர மணி பத்தே கால் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் ஏறப்போகிற வண்டி, இவர் வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தப்போகிற வண்டி, அதற்கு முதல் முதலாகச் செய்கிற வேலையை ராகு காலத்தில் ஆரம்பிப்பதா? எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் நேரம் போய்விடும் என்றால் ஒரு செங்கல்லையாவது வைத்துவிட்டு, மிச்சத்தை அப்புறம் வந்து கட்டுவார்கள். தொடங்கியதாகக் கணக்கு.

ஏழுமலை வண்டிக்கடியில் படுத்துக் கியர் பெட்டியைத் தடவிப் பார்த்தார். "ரெண்டு நட்டு கீதுக்கா. கீய நட்ட கயட்னா பயசு எறங்கும். மேல சைடுல ஒரு நட்டு, அது வயியா புதுசு ஊத்தணும். மேல இருக்கறது அழுக்கு ஏறிக் கெடக்குது. மொதல்ல அத்த சொரண்டி, தொறக்குதானு பாத்துட்டு அப்பால கீய கைய வெக்கறேன்."

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு இருவது நிமிசம்."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபத்திரண்டு. "மேல அப்புறம் பாத்துக்கிடலாம். இப்ப கீழ நட்டைத் திறந்து நாலு சொட்டு விட்டுருங்க. பத்தரைக்கு முன்னாடி தொடங்கினதா இருக்கட்டும்."

"நாலு சொட்டோட நின்னுக்கறதுக்கு ஆயிலுக்கு இன்னா தெரியும்க்கா? ஊத்துற வயி தொறக்கறதுக்கு முன்னால எறக்குற வயியத் தொடக்கூடாது. எங்க தொய்ல்ல அதான் மொத பாடம்."

"நான் சொல்றதைச் செய்யுங்க தம்பி" என்றேன். முதல் பெஞ்சுப் பிள்ளையிடம் பேசுகிற குரல் அது. அந்தக் குரலுக்குப் பெரியவர்களும் எழுந்து நின்றுவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தக் குரலை எடுத்தேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஸ்பானரைப் போட்டார். தேய்ந்துபோன மரையிலிருந்து நட்டு வழுக்கி, கீழே வைத்திருந்த சட்டிக்குள்ளேயே விழுந்தது. பெட்டியிலிருந்த மொத்த எண்ணெயும் கறுப்பாக இறங்கிவிட்டது. அவர் அதில் விரலைத் தொட்டு உரசிப் பார்த்து, "இது கியரு ஆயிலே இல்லியே. தண்ணியா கீது. என்ஜின் ஆயிலு மாதிரி தெரீது" என்றார். எனக்கு அது காதில் ஏறவில்லை. மணி பத்து இருபத்தாறு. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மேல் நட்டு திறக்கவில்லை.

சுரண்டினார், மண்ணெண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார், ஸ்பானருக்குப் பின்னால் குழாயை மாட்டித் தொங்கினார். நட்டின் மூலைகள் எல்லாம் மழுங்கி அது உருண்டையாகிவிட்டது. யாரோ முன்பே பாடுபட்டுத் தோற்ற அடையாளமும் தெரிந்தது. இதற்கிடையில் பக்கத்து மரவாடிக்காரர் ஒரு தகர டின்னோடு வந்து, பழைய எண்ணெயை ஊற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கரையான் வராமல் மரத்துக்குப் பூசுவார்களாம். யார் முதலில் டின் கொண்டு வருகிறார்களோ அவர்களுக்குத்தான் பழைய ஆயில் என்பது அந்தத் தெரு வழக்கம்.

பதினொன்றரைக்கு இவர் வந்தார். கையில் தொண்ணூறு நம்பர் ஆயில் டின். நெற்றியில் வியர்வை வழிந்தாலும் முகம் மலர்ந்திருந்தது. பார்த்துப் பேசித் தானாகவே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து வாங்கி வந்திருக்கிறார், இரண்டு வருஷத்துக்கு அப்புறம். விஷயத்தைக் கேட்டதும் அந்த மலர்ச்சி அப்படியே வற்றிப் போனது.

"ஏல, ஊத்துற வழி திறக்குமான்னு பாக்காம இருக்கறத இறக்குவானா ஒருத்தன்? எவன்ல உனக்கு வேல கத்துக் குடுத்தான்? உன்ன நம்பி வண்டியக் குடுத்தேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்!"

ஏழுமலை என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தப்புதான் சார்."

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இவருக்கு என் மேல் கோபம் வந்தால் வண்டியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி ரயில் ஏறிவிடுவார் என்று பயந்தேன். அது பாதிக் காரணம். மிச்சப் பாதி, எனக்கு வெட்கம். ஊரிலே நாலு பேருக்குப் புத்தி சொல்கிற டீச்சர், மெக்கானிக்குக்கு அவன் தொழிலைச் சொல்லிக் கொடுக்கப் போய் இப்படி ஆக்கிவிட்டாள் என்று யார் வாயிலிருந்தும் வரக்கூடாது.

கியர் கம்பியைக் கழற்றினால் அந்தத் துவாரம் வழியாக மேலிருந்து ஊற்றலாம் என்றார் ஏழுமலை. ஆனால் எவ்வளவு? சைடு நட்டு திறந்திருந்தால் அதன் விளிம்பு வரை ஊற்ற வேண்டும், அதுதான் அளவு. அது திறக்காது. இறங்கியது எவ்வளவு என்று பார்க்கலாமென்றால் அது மரவாடிக் கட்டைகளில் ஊறிக்கொண்டிருந்தது. குறைந்தால் பல் தேயும், கூடினால் எண்ணெய் கசியாமல் பிடிக்கிற சீல் உடையும். "நான் வெள்ளானூர் போய் வித்தவருகிட்டயே கேட்டுட்டு வாரேன்" என்றேன். உதவி செய்ய என்றா நினைக்கிறீர்கள்? அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்க முடியாமல்தான் கிளம்பினேன்.

ஆவடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து வெள்ளானூருக்கு இன்னொரு பஸ். இரண்டாவது பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். நாலு போண்டா வாங்கினேன், இரண்டு சாப்பிட்டேன், மிச்சத்தை இவருக்கென்று பையில் வைத்தேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் பக்கத்திலும் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு, ஓரளவு புரியும். ஒருத்தி சொன்னாள்: "சூப்பர்வைசர் என்னைத் திட்டினான், தப்பு அவனுடையது." மற்றவள் கேட்டாள்: "நீ என்ன சொன்னாய்?" "என்ன சொல்வது, சரி சார் என்றேன்." நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"வெள்ளானூர் வந்துச்சா?" என்று கண்டக்டரைக் கேட்டேன். "தோ வந்துச்சு" என்றார். அவர் சொன்ன 'தோ'வுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மைல் இருந்தது. அவசரப்பட்டு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். அன்றைக்கு எனக்கு அவசரம்தான் பிடித்திருந்தது போல. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

நைட் ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு வந்து கோதண்டம் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சரசு என்னைப் பார்த்த பார்வையிலேயே என் கோலம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் ஒரு சொம்பில் கேழ்வரகுக் கூழைக் கரைத்து, மோர் மிளகாயோடு கையில் கொடுத்தாள். "மொதல்ல இத்த குடி. அப்பால பேசிக்கலாம். மூஞ்சி எப்டி கீது பாரு" என்றாள். எங்கள் பக்கம் கம்பங்கூழ். இது வேறு ருசி, ஆனால் அன்றைக்கு அதைவிட உயர்ந்த சாப்பாடு எனக்கு எதுவும் இல்லை.

கோதண்டம் எழுந்து வந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். "அய்யே! அந்த மேல நட்டு நாலு வர்சமா தொறக்காதும்மா. நா மேல கம்பியக் கயட்டித்தான் ஊத்துவேன். ரெண்டே கா லிட்டரு, அதுக்கு மேல ஒரு சொட்டு வாணாம். அதுவும் கியரு ஆயிலு இல்ல. என்ஜின் ஆயிலு, முப்பது நம்பரு."

"என்ஜின் ஆயிலா? கியர் பெட்டிக்கா?"

"ஆமா. அந்தப் பொட்டிக்குள்ள பித்தள வளையம் கீது. கியரு மாத்தும்போது அது சக்கரத்தப் புடிச்சி நிறுத்தணும். கெட்டி ஆயிலுன்னா வயுக்கிகினு போயிடும், புடிக்காது. ஒருத்தன் பேச்ச கேட்டுத் தொண்ணூறு ஊத்திட்டு மூணு மாசம் அழுதேன். நேத்தே சொல்ல வந்தேன். உங்க அண்ணாத்தே எங்க வுட்டாரு?"

"அப்ப எதுக்கு இப்பக் கத்துது?"

"மாத்தி ரெண்டு வர்சம் ஆச்சும்மா. பயசாயிட்சி. வேற ஒண்ணுமில்ல."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தேடிப் பார்த்தால் நாலு பக்கமும் நாங்களேதான் நின்றோம்.

சென்னீர்குப்பம் திரும்ப மூன்றரை ஆகிவிட்டது. வண்டி கொட்டகையில் இல்லை. நூறு கஜம் தள்ளி ஹைவே ஓரத்தில் நின்றது, அதன் படியில் இவர் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். என்னை எதிர்பார்த்துப் பொறுக்க முடியாமல், இரண்டு லிட்டர் இருக்கும் என்று குத்துமதிப்பாகத் தன் தொண்ணூறை ஊற்றச் சொல்லி, ஓட்டிப் பார்த்திருக்கிறார். முன்பு முணுமுணுத்த ரெண்டாவது கியர் இப்போது உள்ளேயே போகவில்லை. பழி மறுபடியும் ஏழுமலை தலையில். "வேண்டாம் சார், எறங்கனது தண்ணியா இருந்துச்சு, வெயிட் பண்ணுங்கன்னு சொன்னேன்க்கா" என்று அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

நான் கோதண்டம் சொன்னதைச் சொன்னேன். இவர் அந்தத் தொண்ணூறு டின்னைப் பார்த்துக்கொண்டே, "சரி, இறக்கு" என்றார்.

வண்டியைத் தள்ளிக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். தொண்ணூறு மெதுவாக, தேன் மாதிரி இறங்கியது. பக்கத்து பெட்ரோல் பங்கில் முப்பது நம்பர் வாங்கி, அளந்து, கியர் கம்பித் துவாரத்தில் புனல் வைத்து ஏழுமலை ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. பூந்தமல்லி வரை ஓட்டிப் பார்த்தோம். முதல் தடவை ஒரு சின்ன உறுமல், அப்புறம் ரெண்டாவது கியர் இருக்கிற இடமே தெரியவில்லை. இவர் சும்மாவே ரெண்டாவதைப் போட்டுப் போட்டு எடுத்தார். நாலு வயதுப் பிள்ளை கையில் விளையாட்டுச் சாமான் கிடைத்தது போல இருந்தது.

கிளம்பும்போது ஏழுமலையிடம் கூலியை நீட்டி, முகத்தைப் பார்க்காமலே, "இனிமேலாவது தொழில ஒழுங்காக் கத்துக்கோ" என்றார் இவர்.

"செரி சார்" என்றார் ஏழுமலை.

நான் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை விடியும் முன்னே மதினி கட்டிக் கொடுத்த புளியோதரையோடு புறப்பட்டோம். "நூத்தி நாப்பது ஊத்தியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்று அண்ணன் வழியனுப்பினார். குன்றத்தூர், பல்லாவரம், தாம்பரம். இவர் பேசிக்கொண்டே வந்தார். எந்தப் பிள்ளையை எங்கே ஏற்றுவது, மழை நாளில் எந்தப் பாதையில் சுற்றிப் போவது, பின் சீட்டில் கம்பி அடிக்க வேண்டும், முன் சீட்டில் சின்னப் பிள்ளைகள். இரண்டு வருஷத்துப் பேச்சை ஒரே காலையில் பேசினார். நான் "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

செங்கல்பட்டு தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் வண்டியைப் பற்றிக் கேட்டார். இவர் உற்சாகமாக ஆரம்பித்தார்: "நல்ல வண்டிதான். சென்னீர்குப்பத்துல ஒரு மெக்கானிக் பய கெடுக்கப் பாத்தான். ஊத்துற வழியப் பாக்காமலே இருக்கறத இறக்கிட்டான். இப்படியும் ஆள் இருக்கானுவ." லாரி டிரைவர் பேரைக் கேட்டார். "ஏழுமலைன்னு ஒருத்தன். அந்தப் பக்கம் போனா அவன்ட்ட மட்டும் விட்டுராதிய."

டிரைவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஹைவேயில் ஓடுகிற ஒரு வாயில் அந்தப் பேர் ஏறிவிட்டது.

"அவர் பாத்துட்டுத்தான் இறக்குறேன்னு சொன்னாரு" என்றேன்.

"யாரு?"

"ஏழுமலை. நான்தான் விடல. ராகு காலம் வந்துரும், முதல்ல கீழ திறங்கன்னு நான்தான் அதட்டுனேன். அவர் மாட்டேன்னுதான் சொன்னாரு."

இவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். மலர்ந்திருந்த முகம் கண்ணெதிரே மூடிக்கொண்டது. போச்சு, நாற்காலிக்கே திரும்பிவிட்டார் என்று நினைத்தேன்.

"நான் அவ்வளவு பேசினனே. அவன் ஏன் சொல்லல?"

"தெரியல."

"நீ ஏன் சொல்லல?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் சொல்லுகிற மாதிரி இல்லை. அழுகை வந்தது. அழுதேன். அவர் லாரி டிரைவரைத் தேடி ரோட்டுப் பக்கம் ஓடினார். லாரி போய்விட்டிருந்தது. திரும்பி வந்து டீக்குக் காசு கொடுத்துவிட்டு, "ஏறு" என்றார்.

வண்டியைத் திருப்பினார். "ஊரு அந்தப் பக்கம்லா?" என்றேன். தாம்பரம் போகும் வரை, அப்புறம் பல்லாவரம், குன்றத்தூர் வரை ஒரு பேச்சும் இல்லை. அந்த நாலைந்து மணி நேரத்தால், வழியில் ஒரு ராத்திரி தங்கி ஞாயிறு மத்தியானம் ஊர் போய்ச் சேர வேண்டியவர்கள் பொழுது சாயத்தான் போய்ச் சேர்ந்தோம். திங்கட்கிழமை முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் ஏறினார்கள். ஆனால் அன்றைக்குத் திரும்பிப் போகும்போது அதெல்லாம் எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கோபமாக இருக்கிறாரா, உடைந்து போயிருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை.

எங்கள் நீல வண்டி வருவதைப் பார்த்ததும் ஏழுமலை கையில் ஸ்பானரோடு ரோட்டுக்கே ஓடி வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. "இன்னா சார்? மறுபடியும் மாட்டிகிச்சா?"

இவர் இறங்கினார். கல்யாணமாகி அதுவரை பத்தொன்பது வருஷத்தில் இந்த மனுஷர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதை எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல தம்பி. நான்தான் தப்பாப் பேசிட்டேன். இவ இப்பதான் சொன்னா. நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?"

ஏழுமலை என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், ஸ்பானரைப் பார்த்தார். "ஊட்டுக்காரர் முன்னால அக்காவ எப்டி சார் காட்டிக் குடுக்கறது? நாலு வார்த்த திட்னீங்க, அவ்ளோதான. நாங்க வாங்காத திட்டா?" என்றார்.

"டீக்கடையில ஒரு டிரைவர்ட்ட உங்க பேரச் சொல்லிட்டேன். ஆளத் தேடுனேன், போயிட்டாரு. மன்னிச்சுக்கிடுங்க" என்று இவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஏழுமலைக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "எதுக்கும் ஒரு தபா அடியில பாத்துர்றேன் சார்" என்று சொல்லி, சாக்கைக்கூட விரிக்காமல், வெறும் மண்ணில் படுத்து வண்டிக்கடியில் நுழைந்துகொண்டார். நாங்கள் அவர் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை. பிறகு உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது:

"லீக் எதுவும் இல்ல சார். ஒரு சொட்டு கூட இல்ல."